சதுரம் சதுரமாக உடைந்த படம்

2018ஆம் ஆண்டு மார்ச் மாதம், குறுகிய காலப் பயிற்சியொன்றுக்காக ஆறு வாரங்கள் லண்டனில் தங்க நேர்ந்தது. கிழக்கு ஹாம் என்ற இடத்தில் என் பெரியம்மாவின் மகள் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து இருந்தா. அந்த அறையிலேயே நிலத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டேன். கட்டில், பிறிட்ஜ், சமையல் சாமான் வைக்க ஒரு மேசை, இன்னொரு மேசையில் ஒரு பழைய கணினி. அறை அவ்வளவுதான்.

நான் போன அன்று மாலை அக்கா கணினியைப் போட்டா. செய்தி வாசிக்கும் பெண்ணின் முகம் தெரிந்தது. சில வினாடிகளில் அவவின் கன்னம் சதுரம் சதுரமாகப் பெயர்ந்து, வாய் ஓரிடத்தில் நின்று, குரல் விக்கல் எடுத்தது. கீழே ஓடிக்கொண்டிருந்த ஆங்கில எழுத்து வரி நடுவில் அறுந்துபோனது. அக்கா பழகிப்போனவ மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தா.

"எத்தினை நாளா இப்பிடி அக்கா?"

"ரெண்டு மாசமாகுது. வீட்டுக்காரற்றை பெடியன் வந்து பாத்திட்டு, கம்பியூட்டர் பழுதாப் போச்சு, நீங்கள் கண்டதையும் அமத்தியிருப்பியள் எண்டிட்டுப் போட்டான். அதுக்குப் பிறகு நான் ஒண்டிலையும் கை வைக்கிறேல்லை."

கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதா, படம் உடைந்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அக்காவின் கதையைக் கேட்ட பிறகுதான் விளங்கியது.

2009இல் ஷெல் விழுந்ததில் அக்காவின் இடது காது கேட்காமல் போனது. கணவரும் இல்லை. அடுத்த ஆண்டு லண்டன் வந்து, அகதி அந்தஸ்து கிடைத்து, பிறகு நிரந்தர வதிவிடமும் கிடைத்தது. ஆனால் அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம், விட்டு வந்த சொந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. கிளிநொச்சியில் இருக்கும் தாயைப் பார்க்க வேண்டுமென்றால் பிரித்தானியக் கடவுச்சீட்டு வேண்டும். அதற்குக் குடியுரிமை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு சோதனைகள். ஒன்று அந்நாட்டு வாழ்க்கை பற்றிய 24 கேள்விகள், 45 நிமிடம், 18 கேள்விகளாவது சரியாக வேண்டும். மற்றையது ஆங்கிலத்தில் பேசுவதற்கும் கேட்டு விளங்குவதற்குமான சோதனை. ஒரு காதோடு கேட்டு விளங்குவது. அதற்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

விடிய நாலு மணிக்கு அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போகும் ஒரு பெண்ணுக்கு மாலை வகுப்புக்குப் போகத் தெம்பு இராது. இந்தக் கணினிதான் அவவின் வகுப்பு. உள்ளே ரியூனர் காட் என்று ஓர் அட்டை பொருத்தியிருந்தது. கூரையில் இருக்கும் அன்ரெனாவின் வயரை அதில் குத்தினால் தொலைக்காட்சி கணினியில் வரும். அக்கா வேலைக்குப் போயிருக்கும்போது நிகழ்ச்சியைத் தானாகவே பதிந்து வைக்கும். மத்தியானம் வந்து, கீழே ஓடும் எழுத்தைப் பார்த்து, விளங்காத வசனத்தில் நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, பத்துத் தரம் கேட்கலாம். வீட்டுக்காரரின் விறாந்தையில் இருக்கும் தொலைக்காட்சியில் இதையெல்லாம் செய்ய முடியாது. அங்கே உட்கார்ந்து பார்க்கவும் அக்காவுக்குக் கூச்சம்.

(அந்த நாட்டில் கணினியில் நேரடி ஒளிபரப்பைப் பார்ப்பதற்கும் தொலைக்காட்சி அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்த ஏப்ரலில் அதன் ஆண்டுக் கட்டணம் 150.50 பவுண் ஆனது. அக்கா அதையும் தவணையில் கட்டிக்கொண்டிருந்தா. காசு கட்டியும் படமில்லை.)

அன்ரெனா திருத்துபவர் ஒருவரைக் கூப்பிட்டால் வந்து பார்க்கவே எண்பது பவுண் என்றாராம். கூரைக்கு ஏறுவதென்றால் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவள் கூரையைப் பற்றிக் கதைக்கலாமா என்று அக்கா அந்த யோசனையையே விட்டுவிட்டா.

நான் சமூகவியல் படித்தவள், மின்னணுவியல் அல்ல. ஆனாலும் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்குப் போனால் முதல் நாளே புத்தி சொல்வதில்லை. பார்ப்போம், கேட்போம், குறிப்பு எழுதுவோம். அன்றிரவு அக்காவிடம் ஒரு பழைய கொப்பியை வாங்கிக் கோடு கீறினேன். நேரம், எந்தச் சனல், என்ன நடந்தது, அந்த நேரம் அறையில் என்ன ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளைக்கு எதையும் தொடுவதில்லை, எழுதுவது மட்டும்தான் என்று முடிவெடுத்தோம்.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்த் தொலைக்காட்சிக்கும் அந்தத் தொலைக்காட்சிக்கும் உள்ள வித்தியாசம் விளங்காவிட்டால் மிச்சமும் விளங்காது.

எங்கள் வீடுகளில் அன்ரெனா திருப்பிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். கொக்காவில் கோபுரம் 1990இல் அழிந்த பிறகு 2011இல்தான் புதிய கோபுரம் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் மின்சாரமோ பற்றரியோ இருந்த வீடுகளில், இராமேஸ்வரத்திலிருக்கும் 323 மீற்றர் உயரக் கோபுரத்தைப் பார்த்து அன்ரெனாவைத் திருப்பி இந்தியச் சனலைப் பிடித்தோம். அண்ணா தடியைப் பிடித்துக்கொண்டு "வந்திட்டுதோ?" என்று கத்துவார். உள்ளே இருந்து "கொஞ்சம் வந்திட்டுது, இன்னும் கொஞ்சம்!" என்று நாங்கள் கத்துவோம். அலை குறைந்தால் படத்தில் புள்ளி விழும், இன்னும் குறைந்தால் பஞ்சு பறக்கும். ஆனாலும் ஆளை அடையாளம் தெரியும். அதுதான் அனலொக் முறை. குறை எவ்வளவு என்று படமே சொல்லிவிடும்.

டிஜிற்றல் முறை அப்படியல்ல. படமும் குரலும் இலக்கங்களாக மாற்றப்பட்டு வருகின்றன. வழியில் சில இலக்கங்கள் பிழைத்துப்போனாலும், கூடவே வரும் மேலதிக இலக்கங்களை வைத்துக் கருவி தானே திருத்திக்கொள்ளும். அதனால் ஒரு மட்டம் வரைக்கும் எந்தக் குறையும் தெரியாது, படம் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த மட்டத்துக்குக் கீழே போனதும் திருத்த முடியாமல் படம் உடைந்து விழும். கிணற்றுக்கட்டில் நடப்பது போல. கட்டின் மேல் எங்கே நின்றாலும் நிற்கலாம், ஓரடி தவறினால் உள்ளே. அக்காவின் கணினி அந்த ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதனால்தான் ஒருநாள் நன்றாக வருவதும் மறுநாள் உடைவதுமாக ஆளைப் பைத்தியமாக்கியது.

அந்த நாட்டில் 2007இல் தொடங்கி, பகுதி பகுதியாக அனலொக்கை நிறுத்தி, 2012 ஒக்ரோபரில் முழுவதும் டிஜிற்றலுக்கு மாறிவிட்டார்கள். லண்டனுக்குரிய அலை தெற்கே கிறிஸ்ரல் பலஸ் என்ற மேட்டில் இருக்கும் கோபுரத்திலிருந்து வருகிறது.

மூன்று நாள் கழித்துக் கொப்பியைப் பார்த்தோம். எல்லாச் சனலும் உடைந்திருந்தன. மழை நாளும் வெயில் நாளும் ஒன்றுதான். ஆனால் ஒரு விடயம் திரும்பத் திரும்ப வந்தது. அக்காவே கண்டுபிடித்து விரலால் தொட்டுக் காட்டினா. "இஞ்சை பார், பிறிட்ஜ் 'டக்' எண்டு போடேக்கை எல்லாம் படம் நிண்டிருக்கு." ரெண்டு மாதம் அதே அறையில் இருந்தும் அவ கவனிக்கவில்லை. பிறிட்ஜ் இருந்தது அவவின் இடது பக்கத்தில், கேட்காத காதின் பக்கம். இப்போது எழுதுவதற்காக வலது காதைத் திருப்பி வைத்திருந்ததால் கேட்டிருக்கிறது.

பழுது கணினியிலா, அலையிலா என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது, காசும் இல்லை. உடைந்த நிகழ்ச்சியின் பதிவை இரண்டு தரம் போட்டுப் பாருங்கள். இரண்டு தரமும் அதே சொல்லில், அதே இடத்தில் உடைந்தால் வந்த அலையிலேயே பிழை இருந்திருக்கிறது. வேறு வேறு இடத்தில் திக்கினால் அலை நல்லது, கணினிதான் களைத்துப்போய் இருக்கிறது. பழைய கணினிகளில் பல மென்பொருள்கள் ஒன்றாக ஓடினாலோ, பதியும் இடம் நிரம்பிப்போனாலோ அப்படி வரும். அக்காவின் பதிவு ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில் உடைந்தது. "அப்ப நான் கம்பியூட்டரைப் பழுதாக்கேல்லை," என்றா அக்கா. நான் ஓம் என்றேன். அவ அந்தப் பதிவை மூன்றாம் தரமும் போட்டுப் பார்த்தா.

அடுத்தது கூரை. அன்ரெனா பழுதென்றால் அதே அன்ரெனாவில் ஓடும் வீட்டுக்காரரின் தொலைக்காட்சியும் உடைய வேண்டும். அதைக் கேட்க அக்காவுக்குத் துணிவில்லை. நான் ஊரிலிருந்து கொண்டுபோன பனங்காய்ப் பணியாரத்தைக் கொடுக்கிற சாட்டில் கீழே போய், அரை மணித்தியாலம் அவர்களோடு இருந்து செய்தி பார்த்தேன். ஒரு சதுரம்கூட உடையவில்லை. எனவே கூரையும் அன்ரெனாவும் சுகம். வீட்டுக்கார ஐயா தன் பங்குக்கு ஒரு காரணம் சொன்னார். "உந்தக் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பினதிலை இருந்து லண்டனிலை படம் சரியில்லைப் பிள்ளை." அவருடைய படம் நன்றாகத்தான் இருந்தது.

அவர் சொன்னது முழுக்கப் பிழையுமல்ல. இதைப் பிறகு தேடி வாசித்தபோதுதான் ஒரு வழக்கு அகப்பட்டது. என் படிப்புக்கு ஏற்றது என்பதால் கொஞ்சம் விலகிப்போய் அதைச் சொல்கிறேன். கிழக்கு லண்டனில் கனறி வோவ் என்ற இடத்தில் 235 மீற்றர் உயரக் கோபுரக் கட்டடம் ஒன்று எழும்பியது. வெளிப்புறம் முழுவதும் துருப்பிடிக்காத உருக்குத் தகடு. அது கிறிஸ்ரல் பலஸ் அலையை மறைத்ததால் அதன் நிழலில் இருந்த சாதாரண குடும்பங்களின் படம் 1989 தொடக்கம் கெட்டுப்போனது. 1991இல் பக்கத்திலிருந்த ஓர் அடுக்குமாடியின் மேல் சிறிய அஞ்சல் நிலையம் வைத்து நிலைமையைச் சீராக்கினார்கள். இடைப்பட்ட கால நட்டத்துக்காக நூற்றுக்கணக்கானோர் வழக்குப் போட்டார்கள். 1997 ஏப்ரலில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக அப்போதிருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஒருவர் தன் காணியில் கட்டடம் கட்டி அயலவரின் அலையை மறைப்பது குற்றமல்ல என்றார்கள். அதோடு இன்னொன்றும் சொன்னார்கள். வீட்டின் மீது உரிமையோ குத்தகையோ உள்ளவர்தான் இப்படியான தொல்லைக்கு வழக்குப் போடலாம். அந்த வீட்டில் வெறுமனே குடியிருக்கும் மனைவிக்கோ பிள்ளைக்கோ அறையில் தங்கியிருப்பவருக்கோ அந்த உரிமை இல்லை. ஐந்து நீதிபதிகளில் குக் பிரபு என்பவர் மட்டும் இந்த இரண்டாவது விடயத்துக்கு உடன்படவில்லை.

வீட்டில் அதிக நேரம் இருப்பவள் யார், அந்தப் படத்தை அதிகம் பார்ப்பவள் யார், உறுதியில் பெயர் யாருடையது? காணி உறுதிக்காகக் கச்சேரிக்கு அலையும் எத்தனையோ பெண்களோடு போய் வந்தவள் நான். லண்டன் தீர்ப்பை வாசித்தபோது எங்கள் ஊர்ப் படிக்கட்டில் நிற்பது போலவே இருந்தது. சரி, வயருக்கு வருவோம்.

கூரை சுகம், கணினி சுகம். மிச்சம் இருந்தது சுவரில் இருக்கும் சொக்கற்றுக்கும் கணினிக்கும் இடையில் ஓடிய இரண்டு மீற்றர். அக்கா யாரையும் கேட்காமல் கை வைக்கக்கூடிய இடமும் அதுதான். அந்த இரண்டு மீற்றரில் மூன்று பொருள்கள் இருந்தன. ஒரு மெல்லிய வெள்ளை வயர், நடுவில் ஒரு பூஸ்ரர், பிறகு இன்னொரு துண்டு வயர். பூஸ்ரர் வீட்டுக்காரரின் மகன் மலிவாக வாங்கிப் பூட்டிவிட்டது.

கணினியின் மென்பொருளில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒன்று அலையின் வலிமை, மற்றது அலையின் தரம். பலர் வலிமையை மட்டும் பார்த்துவிட்டு 'நிறைய இருக்குதே' என்று விட்டுவிடுவார்கள். படம் வருவதும் உடைவதும் தரத்தில்தான் தங்கியிருக்கிறது. சந்தையில் ஒலிபெருக்கி மாதிரி. சத்தம் கூட, சொல் விளங்காது. அக்காவின் கணினியில் வலிமை நிரம்பி வழிந்தது, தரம் பாதிக்குக் கீழே நின்று ஆடியது.

நாங்கள் ஒரு சட்டம் வைத்தோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். செய்த பிறகு இரண்டு அளவையும் கொப்பியில் எழுதவேண்டும். நாலு விடயத்தை ஒன்றாக மாற்றினால் படம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. ஒன்று நன்மை செய்து மற்றது தீமை செய்தால் இரண்டும் தெரியாது.

முதலில் பூஸ்ரரைக் கழற்றினோம். வலிமை சட்டென்று பாதிக்கு இறங்கியது. அக்கா பயந்துபோனா. ஆனால் தரம் இறங்கவில்லை, மயிரிழை ஏறியிருந்தது. பூஸ்ரர் என்பது நல்லதை மட்டும் பெருக்கும் தெய்வமல்ல. அதற்குள் வருகிற இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். வழியில் கெட்டுப்போன அலையைக் கடைசியில் வைத்துப் பெருக்கிப் பயனில்லை. பெருக்குவதென்றால் அன்ரெனாவுக்குப் பக்கத்தில், கெட்டுப்போக முன்னர் பெருக்க வேண்டும்.

அடுத்தது பிளக். கணினியைச் சுவர் மின்சாரத்திலிருந்து முழுவதும் கழற்றிவிட்டு, வயரின் முனையில் இருந்த பிளக்கைத் திறந்தோம். அன்ரெனா வயரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒற்றைச் செப்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்ரிக், அதற்கு மேல் வலை மாதிரிப் பின்னிய கம்பி, கடைசியில் வெளித் தோல். அலை போவது நடுக்கம்பியில். சுற்றியிருக்கும் வலை அதற்கு வேலி. அக்காவின் பிளக்குக்குள் நடுக்கம்பி முறிந்து, குழலின் வாயை எட்டாமல் உள்ளே நின்றது. வலையின் ஓரிரு இழைகள் உள்ளே வளைந்து முறிந்த கம்பியைத் தொடப் பார்த்தன. அறை கூட்டும்போது கணினியைத் தள்ளித் தள்ளி வைத்ததில் முறிந்திருக்க வேண்டும். இப்படி முறிந்தாலும் கொஞ்சம் அலை பாய்ந்து வரும். அதுதான் ஏமாற்று. முழுவதும் அறுந்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

வெங்காயம் வெட்டும் கத்தியால் அக்காவே செய்தா. வயரை ஓரங்குலம் வெட்டி எறிந்து, வெளித் தோலைச் சீவி, வலை இழைகள் எல்லாவற்றையும் பின்னுக்கு மடித்து, வெள்ளைப் பிளாஸ்ரிக்கை வழித்து, நடுக்கம்பி பிளக்கின் குழலுக்குள் கடைசிவரை போகிறதா என்று பார்த்து இறுக்கினா. ஒரு இழையாவது நடுக்கம்பியைத் தொடுகிறதா என்று யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. உடுப்புத் தைத்துப் பிழைத்த கை. என்னைவிட நன்றாகச் செய்தது.

கணினியைப் போட்டோம். வலிமை முக்காலுக்கு வந்தது. தரம் ஏறி ஏறி முழுமைக்குக் கிட்ட நின்றது. செய்திப் பெண்ணின் கன்னம் கன்னமாகவே இருந்தது.

அக்கா கெட்டிக்காரி, அதோடு விடவில்லை. "இப்ப பூஸ்ரரைத் திருப்பிப் பூட்டிப் பாப்பம், இன்னும் நல்லா வரும்தானே?" என்றா. பூட்டினோம். வலிமை நிறைந்தது, தரம் விழுந்தது! நல்ல அலை நன்றாக வரும் இடத்தில் பூஸ்ரர் போட்டால் ரியூனருக்குத் தாங்காது. காதுக்குள் கத்தினால் விளங்காததுபோல அது திணறிவிடும். கிழக்கு ஹாம் அந்தக் கோபுரத்துக்குக் கிட்ட என்பதால் அங்கே அலைக்குப் பஞ்சமே இல்லை. பிளக் முறிந்திருந்தபோது இந்த உண்மை ஒளிந்திருந்தது. பூஸ்ரரைக் கட்டிலுக்குக் கீழே போட்டோம்.

பிறிட்ஜின் 'டக்' மட்டும் மிஞ்சியது. இப்போது முழுப் படமும் நிற்கவில்லை, ஒரு சிறு துள்ளல். பிறிட்ஜ், மோட்டர் பூட்டிய சாமான்கள், மலிவான சார்ஜர்கள், மின் சுவிச்சுகள் எல்லாம் போடும் கணத்தில் ஒரு பொறி இரைச்சலை எழுப்பும். வேலி அடர்த்தியில்லாத வயருக்குள் அது புகுந்துவிடும். அந்த மெல்லிய வெள்ளை வயரின் வலை அவ்வளவு ஐதாக இருந்தது. தகடும் வலையுமாக இரட்டைக் கவசம் உள்ள வயர் ஒன்று, தேவைக்கு மேல் நீளமில்லாமல் இரண்டு மீற்றர், சில பவுண்களுக்கு வாங்கினோம். பிறிட்ஜின் மின்வயரும் அன்ரெனா வயரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததைப் பிரித்து விட்டோம். துள்ளல் நின்றது.

இன்னும் சில விடயங்கள், எங்கள் அறையில் தேவைப்படாதவை, ஆனால் வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கோ சகோதரிகளுக்கோ சொல்லி அனுப்பக்கூடியவை. படம் உடைகிறதென்று உடனே சனல்களை மறுதேடல் செய்யக்கூடாது. அலை கெட்டிருக்கும் நேரத்தில் தேடினால், இருந்த சனல்களும் பட்டியலிலிருந்து அழிந்துபோகும். வீட்டுக்காரரின் மகன் அதையும் செய்து வைத்திருந்தான், வயர் திருத்திய பிறகு ஒருதரம் தேடித்தான் எல்லாச் சனலும் திரும்பின. பல சனல்கள் ஒரே அலையில் கட்டாக வருவதால், ஒரு கட்டுச் சனல்கள் மட்டும் உடைந்து மற்றவை சுகமாக இருந்தால் அந்த அலையில் மட்டும் பிழை என்று பொருள். யூ.எஸ்.பி.யில் குத்தும் சிறிய ரியூனர் என்றால் கணினியின் முதுகோடு ஒட்டிக் குத்தாமல், ஒரு நீட்டு வயர் போட்டுத் தள்ளி வைத்தால் கணினியின் சொந்த இரைச்சல் குறையும். அதோடு தரும் ஊசி மாதிரி அன்ரெனா நிமிர்ந்து நிற்கும். கிறிஸ்ரல் பலஸ் போன்ற பெரிய கோபுரங்களின் அலையோ படுக்கையாக வரும். ஊசியைப் படுக்க வைத்து யன்னலோரம் வைத்தால் பெரும்பாலும் தேறும். பழைய காட்டில் எச்.டி. சனல்கள் அங்கே வராது. அவை வேறு முறையில் அனுப்பப்படுகின்றன, அது பழுதல்ல.

எங்கள் நாட்டுக் கதை வேறு. லண்டனால் வந்த அடுத்த ஆண்டு, எங்கள் பெண்கள் நிலையத்துக்கு வெளிநாட்டிலிருந்து யாரோ அன்பாக அனுப்பிய பெட்டியில் இரண்டு கணினிகள் வந்தன. ஒன்றில் ரியூனர் காட். பெற்றோரை இழந்து தம்பியை வளர்க்கும் ஒரு பிள்ளை அதை நாள் முழுவதும் கிண்டிவிட்டு, "அக்கா, ஒரு சனலும் வரேல்லை, நான் பழுதாக்கிப் போட்டனோ தெரியேல்லை," என்று கண் கலங்கி வந்தாள். அதே கேள்வி! காட்டில் டி.வி.பி.-ரி என்று எழுதியிருந்தது. அது ஐரோப்பிய டிஜிற்றல் முறை. எங்கள் கோபுரங்களிலிருந்து அப்போது வந்ததோ அனலொக் அலை. டிஜிற்றலுக்கு மாறுவதற்கென 2014இல் இலங்கை தெரிவு செய்ததும் யப்பானிய முறையைத்தான். அந்தக் காட் இங்கே வாய் திறக்காது, அதில் யாருடைய பிழையும் இல்லை. டிஷ் அன்ரெனாவில் வருவதும் வேறு முறை. பெட்டி அனுப்புபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்த இடத்தில் இன்னொரு கீபோட்டாவது வைப்பார்கள்.

எந்த முறையானாலும் இங்கே ஒன்றை மறக்க வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி முழங்கத் தொடங்கினால் அன்ரெனா வயரைக் கழற்றி, கணினிக்கு எட்டத் தள்ளி வையுங்கள். முழங்கிக்கொண்டிருக்கும்போது அதில் கை வைக்காதீர்கள். மின்னலுக்கு எத்தனை தொலைக்காட்சிகளைக் கொடுத்திருக்கிறோம்!

அக்கா முதல் தரம் கேட்டல் சோதனையில் தவறிவிட்டா. நான் திரும்பி வந்த பிறகு, ஆடி மாதம் இரண்டாம் தரம் எடுத்துத் தேறினா. 24 கேள்வியில் 21 சரி. கடவுச்சீட்டு கைக்கு வந்து, 2019 டிசம்பரில் கிளிநொச்சிக்கு வந்து பெரியம்மாவோடு மூன்று வாரம் இருந்தா. அடுத்த மார்ச்சில் உலகமே பூட்டிக்கொண்டது. பெரியம்மா 2021இல் போய்விட்டா.

அந்தக் கணினி இப்போது இல்லை. அக்கா வேறு வீட்டுக்கு மாறி, கைத்தொலைபேசியில் பார்க்கிறா. போன மாதம் கதைத்தபோது, புது வீட்டில் படம் நின்று நின்று வருகிறது என்றா. நான் வாய் திறக்க முன்னர், "நீ ஒண்டும் சொல்லாதை, நான் மூண்டு நாளா எழுதிக்கொண்டிருக்கிறன்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டா.